சோப்பில்லாத வீட்டில் நுரை

இருபது நாளாக அந்த வீட்டில் யாரும் சோப்பைத் தொடவில்லை. ஆனாலும் எலுமிச்சை மரத்தடியில் நுரை வந்துகொண்டே இருந்தது.

ஆனந்த்ராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த நுரையையே பார்த்தார். திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். மோட்டார் உறுமுவதைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். இந்த நுரை மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

குளியலறைத் தண்ணீர் பைப்பில் வந்து, ஜல்லி, மணல், கரி என்று அடுக்கிய குழியில் இறங்கி, மரத்துக்குப் போகும். அவரே யோசித்துச் செய்த ஏற்பாடு. குழாய்த் தண்ணீர் சமையலுக்கே பத்தாது. மரத்துக்கு இதை விட்டால் கதியில்லை. நாலு வருஷம் கழித்து இப்போதுதான் பூ வைத்திருந்தது. பைப் போட்ட இரண்டே மாதத்தில் இலையோரம் கருகத் தொடங்கியது.

"சோப்புத்தூள்ல உப்பு இருக்கு. அது மண்ணுல சேர்ந்தா வேரு தண்ணிய உறிஞ்ச முடியாது. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே மரம் தாகத்துல சாகும்" என்று வீட்டாருக்கு விளக்கினார். சோப்பு, ஷாம்பு, சோப்புத்தூள் மூன்றும் பீரோவுக்குள் போயின.

மனைவி கௌசல்யா கடலைமாவுக்கு மாறினாள். மகள் ஜீவிதாவுக்குப் பயற்றமாவு. வெந்நீரில் மட்டுமே அலசியதில் ஆனந்த்ராஜின் வெள்ளைச் சட்டை சந்தன நிறமானது.

நுரை நிற்கவில்லை.

"ஏ ஜீவிதா, ஒளிச்சு வச்சு ஷாம்பு போடுறியா?"

"என் தலைய மோந்து பாருங்கப்பா. காலேஜ்ல பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டேங்கிறா."

பீரோச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். அன்று நுரை இரண்டு மடங்கு. அள்ளி முகர்ந்தார்.

"கௌசல்யா! ரோசாப்பூ வாசம் அடிக்குது!"

"நம்ம வீட்டுல ரோசாப்பூ ஷாம்பு வாங்குனதே இல்லையே. சாவி உங்க இடுப்புலதான இருக்கு? யாருக்கு வாங்கி வச்சிருக்கீங்க?"

அன்று மதியம் அவர் தட்டில் சோறும் ரசமும் மட்டும் விழுந்தன. வெஞ்சனம் இல்லை.

பழைய சோப்பு குழிக்குள் தங்கியிருக்கும் என்று தோன்றியது. கரியையும் மணலையும் வாரிக் கொட்டிவிட்டு, இன்னும் ஓரடி தோண்டினார். கடப்பாரை பக்கவேர் ஒன்றை வெட்டிவிட்டது. பாதிப் பூ உதிர்ந்தது. நுரை மட்டும் குறையவில்லை.

பைப் போட்ட கருப்பணனுக்குப் போன் செய்தார்.

"என் வேலையில குறை கிடையாதுண்ணே. உங்களுக்கும் பக்கத்து வீட்டு பாஸிலாக்காவுக்கும் ஒரே நாள்ல, மதிலோரமா ஒரே பள்ளத்துலதான் போட்டேன். அவங்க தோட்டத்தப் போய்ப் பாருங்க, கத்திரிக்கா கொத்துக் கொத்தாத் தொங்குது!"

கௌசல்யாவின் பொறுமை அன்றோடு தீர்ந்தது.

"ஞாயித்துக்கெழம கொடைரோட்டுல எங்கக்கா பேரனுக்குக் காதுகுத்து. இந்தத் தலையோட சபையில நிக்க மாட்டேன். சனிக்கெழமைக்குள்ள நுரைய நிப்பாட்டுங்க. இல்லாட்டி பைப்ப ஒடச்சுத் தெருச் சாக்கடையில விட்டுருவேன்."

"மரம் செத்துருமே!"

"இருபது நாளா நானுந்தான் செத்துக்கிட்டு இருக்கேன்."

சனிக்கிழமை காலை அவருக்கு ஒரு யோசனை வந்தது. காயிலில் கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியாவிட்டால், ஒரு முனையில் கரண்ட் கொடுத்து மறுமுனையில் பார்ப்பார். தண்ணீரையும் அப்படிச் சோதிக்கலாமே! சாயத்தை விட்டால், அது வந்துசேரும் வேகத்தை வைத்து, பழைய சோப்பு பைப்புக்குள் எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். சொட்டு நீலம் ஒரு புட்டியைக் குளியலறையில் கவிழ்த்து, மூன்று வாளித் தண்ணீரைத் தள்ளிவிட்டு மரத்தடிக்கு ஓடினார்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நீலம் வரவில்லை. வெள்ளை நுரைதான் வந்தது, அதே ரோசாப்பூ வாசத்தோடு. கௌசல்யா கடப்பாரையைக் கையில் எடுத்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பாஸிலாவின் தலை எழும்பியது.

"அண்ணே, எங்க கத்திரிக்கு நீலத் தண்ணி வருதுண்ணே! நாங்க தெனம் ரெண்டு தடவ ரோசாப்பூ சோப்புத்தூள் கொட்டி வாஷிங் மெஷினு போட்டும் நுரையே வரலையே, குழி அம்புட்டு நல்லா வடிகட்டுதுன்னுல்ல நெனச்சேன்! ரெண்டு வீட்டுப் பைப்பும் மாறிக் கெடக்கு, கருப்பணன வரச்சொல்லி மாத்தி மாட்டிருவோம். அதுவரைக்கும் நீங்க மட்டும் சோப்பத் தொட்டுறாதீங்க!"