முதுகுப் பக்கமாக இருபது அடி

இனி இந்த ஜென்மத்தில் மச்சானிடம் தோல் வாங்குவதில்லை என்று வெற்றிவேல் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்போது மச்சான் மூன்றாவது தடவையாகக் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். முடிவை மனசுக்குள்தான் எடுத்தான். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவனுக்குக் குழம்பு கிடைத்திருக்காது.

வெற்றிவேல் சென்னையில் ஒரு பை கம்பெனியில் தைத்துப் பழகியவன். சொந்த ஊரான செஞ்சிக்குத் திரும்பி வந்து பெல்ட், பர்ஸ், பை எல்லாம் தானே செய்து விற்கிறான். ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்கிக் கால் வீங்கி வருகிறவர்கள் அவன் கடை பெஞ்சில் உட்காருவார்கள். உட்கார்ந்த பாவத்துக்கு ஒரு பர்ஸாவது வாங்குவார்கள். கடை திறந்தபோது 'வெற்றிவேல் தோல் வியாபாரம்' என்று போர்டு எழுதச் சொன்னான். எழுதியவருக்குப் பலகையில் இடம் போதவில்லை. மேல் வரியில் 'வெற்றிவேல் தோல்வி', கீழ் வரியில் 'யாபாரம்' என்று போட்டுவிட்டுப் போய்விட்டார். வெற்றிவேல் அழுதுவிடுவான் போல நின்றான். அவன் மனைவி ஜெயக்கொடிதான் அந்த ஆளைத் தேடிப் பிடித்தாள். போர்டைத் திருத்தி எழுத வைத்ததோடு, செய்த தப்புக்காகக் கடைச் சுவருக்கு வெள்ளையடிக்கவும் வைத்தாள்.

மச்சான் குரு, ஜெயக்கொடியின் அண்ணன். ராணிப்பேட்டையில் அவருக்குத் தோல் மண்டி. சரக்கு சுத்தம், விலை நியாயம். குறை சொல்ல ஒன்றுமே இல்லை, வெற்றிவேலுக்கு அதுதான் பெரிய குறை. ஏனென்றால் தோல் கட்டு தனியாக வராது. கூடவே அவரும் வருவார். இலை முன்னால் உட்கார்ந்து, "மாப்ள, நான் மட்டும் இல்லன்னா நீ ரெக்சின்ல கோமணம் தெச்சு வித்துட்டு இருந்திருப்ப" என்பார். ஜெயக்கொடி சிரிப்பாள். வெற்றிவேலும் சிரித்தாக வேண்டும்.

வேறு இடத்தில் வாங்கலாம்தான். ஆனால் கடை திறந்த அன்று, "தோலுன்னு வாங்கினா எங்க அண்ணன்கிட்டதான்" என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்கியிருந்தாள் ஜெயக்கொடி. சத்தியத்தை மீறியது தெரிந்தால் அழமாட்டாள், கத்தமாட்டாள். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கும் போகமாட்டாள். பிறந்த வீட்டை இங்கே வரவழைப்பாள்.

ஆகவே ரகசியமாகத் தேடினான். ஒருத்தன் செல்போனில் அனுப்பிய படத்தில் தோல் பளபளத்தது. வந்து சேர்ந்ததை மடித்துப் பார்த்தான், அப்பளம் மாதிரி நொறுங்கியது. இன்னொருத்தன் அனுப்பிய தோல் ரெண்டே நாளில் உரிந்தது. மூன்றாமவன், ஆயிரம் அடிக்குக் குறைந்து தருவதில்லை என்று போனை வைத்தான். கடைசியாக ஆம்பூர்ப் பக்கம் செல்லப்பன் என்று ஒரு வியாபாரி கிடைத்தார். மாதிரித் துண்டு அனுப்பினார். வெற்றிவேல் அதை மடித்தான், கசக்கினான், தண்ணீரில் போட்டான், முகர்ந்தான். அசல் தோல். விலையும் குருவின் விலையேதான். இலை போட வேண்டிய செலவு இல்லை. வெற்றிவேலுக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். தொழிலில் இருப்பவர்கள் சதுரத்தை முழுங்கிவிட்டு வெறுமனே அடி என்பார்கள். ஒரு தோல்காரர் காலையில் நூறு அடி வாங்கினேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை.

வீட்டுக்குள் பேசினால் ஜெயக்கொடி காதில் விழும். அதனால் வெற்றிவேல் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு செல்லப்பனுக்குப் போன் போட்டான். அங்கே டவர் பாதிதான் கிடைக்கும். தொண்டை கிழியப் பேசினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். பக்கத்து மாடியில் மீனம்பாள் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்ததைத் தொட்டி மறைத்துவிட்டது. மீனம்பாள் காதில் ஒன்று விழுந்தால் அது பஸ்ஸுக்கு முன்னால் அவலூர்பேட்டை போய்ச் சேர்ந்துவிடும். தொட்டி அவளுக்கும் வெற்றிவேலை மறைத்தது, போனையும் மறைத்தது. குரல் மட்டும் கேட்டது.

"ஆட்டு அடி எனக்கு வேணாங்க. மாட்டு அடியே குடுங்க."

மீனம்பாள் கையில் இருந்த மிளகாய் கீழே விழுந்தது.

"போன வாரம் வாங்கின அடி சரியில்லங்க. ரெண்டே நாள்ல தோலு உரிஞ்சு வந்துடுச்சு."

"ஐயையோ" என்றாள் மீனம்பாள், மெதுவாக.

"வயித்துப் பக்கம் வேணாங்க, தொளதொளன்னு பூடும். முதுகுப் பக்கமாவே இருபது அடி குடுத்துடுங்க. தடிப்பு ஒரே மாதிரி இருக்கணும். நல்லா செவசெவன்னு இருக்கணும்."

மீனம்பாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கட்டின பெண்டாட்டியை 'ங்க' போட்டுக் கெஞ்சுகிறான். எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று அவனே எடுத்துக் கொடுக்கிறான். இப்படி ஒரு அநியாயம் செஞ்சியில் நடந்ததாக அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"நீங்க மட்டும் நியாயமா நடந்துக்குங்க. நான் ஆயுசுக்கும் உங்ககிட்டயே அடி வாங்குறேன்."

வெற்றிவேல் இன்னும் கொஞ்ச நேரம் லாரி வாடகை பேசி முடித்து, போனைப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி மாடிப்படி இறங்கினான். கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டான்.

வாசலில் மீனம்பாள். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டு அமலா, கோடிவீட்டுக் காத்தாயி. ஜெயக்கொடி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா ஜெயக்கொடி, உனக்கு இது அடுக்குமா? கட்டின புருசன மாட்ட அடிக்கிறாப்புல அடிக்கிறியே" என்றாள் மீனம்பாள்.

ஜெயக்கொடி வாயைப் பிளந்தாள். "இன்னாக்கா சொல்றீங்க? நானா?"

"எங்காதால கேட்டேன். முதுகுல இருபது அடி குடு, வயித்துல அடிக்காதன்னு தம்பி மாடில கெஞ்சுது. தோலு உரிஞ்சுபோச்சுன்னு சொல்லுது. மாட்டு அடியே குடுன்னு கேக்குது. ஆயுசுக்கும் உங்கிட்டயே அடி வாங்குறேன்னு சொல்லுது. கேட்டதுல இருந்து எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

முதுகுப் பக்கம் என்றபோது ஜெயக்கொடியின் கை கீரையில் நின்றது. மாட்டு அடி என்றபோது தலை நிமிர்ந்தது. தோல் மண்டிக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஆயுசுக்கும் என்றபோது திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

வெற்றிவேல் கீரையைப் பார்த்தான். ஒரே வார்த்தையில் தப்பித்துவிடலாம். "அக்கா, அது தோலு கணக்கு" என்றால் போதும், மானம் பிழைத்துவிடும். ஆனால் அடுத்த நிமிஷமே சத்தியம் செத்துவிடும். மானமா, சத்தியமா என்று அவன் தவித்துக்கொண்டிருந்தபோது மீனம்பாள் கிட்டே வந்தாள்.

"சட்டையக் கழட்டு தம்பி. முதுகப் பாக்கணும்."

"வேணாங்க்கா" என்று சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"பாத்தியா, தொடக்கூட வுடமாட்டேங்குது. அவ்ளோ ரணம்" என்றாள் அமலா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெயக்கொடி எழுந்தாள். கையிலிருந்த கீரைக் காம்பை உதறினாள். "இன்னாங்க, அக்கா கேக்குறாங்க இல்ல? சொல்லுங்க. மாடில அடி கேட்டது என்கிட்டயா? இல்ல, வேற யாருகிட்டயாவதா?"

"உங்கிட்டதான்" என்றான்.

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"நானா குடுத்தனா? நீங்களா கேட்டீங்களா?"

"நானாத்தான் கேட்டேன்."

காத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆம்பிளையே கேட்டு வாங்குகிற காலம் வந்துவிட்டதா என்று அமலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெற்றிவேலுக்கே தன் வாயிலிருந்து வந்தது அதிர்ச்சியாக இருந்தது. அப்போதும் அவன், அவளுக்கு விஷயம் புரியவில்லை, பொழுது போனால் எல்லாம் அடங்கிவிடும் என்றுதான் நினைத்தான்.

"பாத்துக்குங்கக்கா" என்றாள் ஜெயக்கொடி. குரலில் அப்படி ஒரு வருத்தம். "இவருக்கு அடி இல்லாம ஒரு நாள் ஓடாது. தொழிலே நின்னுபூடும். ஆனா எங்கையால குடுக்க எனக்கு மனசு வரல. இனிமே இவருக்கு எத்தினி அடி வேணும்னாலும் எங்க அண்ணன் வந்து குடுப்பாரு. வெளியாளுங்ககிட்ட இவரு ஒரு அடி வாங்கக் கூடாது. நீங்க மூணு பேரும் சாட்சி."

வெற்றிவேல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள்.

"உங்க அண்ணனா?" மீனம்பாள் பதறினாள். "அவரு கை உலக்க மாதிரி இருக்குமேம்மா."

"எங்க அண்ணன் அடி சுத்தமான அடிக்கா. கூடவும் இருக்காது, கொறையவும் இருக்காது. வேணும்னா இவரையே கேளுங்க. நல்லா இருக்குமா, இருக்காதா?"

"நல்லா இருக்கும்" என்றான் வெற்றிவேல். அதில் பொய் இல்லை.

"அப்ப சம்மதமா?"

ஜெயக்கொடியைப் பார்த்தான். அவள் கண் சிரித்தது, உதடு சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தான். மூன்று சாட்சிகளும் இமைக்காமல் நின்றார்கள்.

"சம்மதம்" என்றான்.

காத்தாயிக்குக் காது கொஞ்சம் மந்தம். "இன்னாவாம்?" என்று கேட்டாள். மீனம்பாள் அவள் காதருகே குனிந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"மச்சான்கிட்ட அடி வாங்குறது நல்லா இருக்குமாம்."