முள்ளம்பன்றியின் மண் பாஸான கதை

ஒரு காட்டில், ரேஷன் கடைக்கும் புலியின் குகைக்கும் நடுவே, மண் பரிசோதனை நிலையம் ஒன்று இருந்தது. குகைப் பக்கம் கூட்டம் கிடையாது. மற்ற இரண்டிலும் வரிசை.

மண் நிலைய வரிசையில் ஒரு நாள் மயிலாத்தா என்கிற முள்ளம்பன்றி நின்றாள். அவள் போட்ட மரவள்ளி இலையெல்லாம் மஞ்சள் தட்டிக் கிடந்தது. கிழங்கு இறங்காவிட்டால் மழைக்காலம் முழுக்க நாத்தனார் வளையில்தான் ஒண்ட வேண்டும். நாத்தனாரும் முள்ளம்பன்றி, வளையோ ஒருத்தி திரும்பிப் படுக்கவே காணாது. போன வருஷம் பட்ட குத்து இன்னும் ஆறவில்லை.

ஜன்னலுக்குள் தேவாங்கு ஆய்வாளர் சூசைமாணிக்கம் இருந்தார். அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அடுத்த டோக்கன்காரருக்குப் பேரன் பிறந்துவிடுவான். நிலத்தில் பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, எல்லா மண்ணையும் கலந்து, அதில் அரைக் கிலோ மட்டும் துணிப்பையில் கட்டி, பெயர் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எருக்குழி ஓரமும் வரப்பு ஓரமும் கூடாது என்று இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

மயிலாத்தா தன் மண்ணை அள்ளிப் பார்த்தாள். வெளுத்துப்போய், கட்டி கட்டியாய். இதைப் போய் நாலு பேர் பார்க்கக் கொடுப்பதா? பெண் பார்க்க வந்தால் முகம் கழுவாமலா நிறுத்துவோம்? பக்கத்து நிலம் காட்டுப்பன்றி பழனியாண்டியுடையது. கருகருவென்று புட்டு மாதிரி உதிரும் மண். அவன் சேற்றில் புரளப் போன நேரம் வேலியில் நுழைந்து, விதிமுறை ஒன்றுகூடத் தவறாமல், பத்து இடத்தில் தோண்டி, கலந்து, அரைக் கிலோ கட்டிக்கொண்டாள்.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. எல்லாச் சத்தும் நிறைவு, உரம் தேவையில்லை. கீழே முத்திரை.

ஆபீஸே எழுதிக் கொடுத்த பிறகு உரம் போட அவள் யார்? போடவில்லை. இலை இன்னும் மஞ்சளானது. அறிக்கைக்கு மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு வேலியில் மாட்டினாள். காடே வந்து பார்த்தது. பழனியாண்டி மூன்று தரம் வந்தான். நாலாம் தரம் வாயைத் திறந்தான்.

“அக்கா, இதை எனக்குக் குடுத்துட்டு என் நிலத்தை எடுத்துக்கோயேன்.”

மயிலாத்தாவுக்கே மனசு கேட்கவில்லை. “இலை மஞ்சளா இருக்கே தம்பி, பார்த்தியா?”

“மண்ணு பாஸாயிடுச்சு. இலைக்குத்தான் புத்தி பத்தலை. என் நிலத்துல என்ன இருக்கு, வெறும் விளைச்சல்தானே. ஒரு பேப்பர் உண்டா?”

அன்றைக்கே பயிரோடு மாற்றிக்கொண்டார்கள். மழைக்கு முன்னால் மயிலாத்தா தோண்டிய கிழங்கு ஒவ்வொன்றும் கரடியின் தொடை தடிமன். பழனியாண்டிக்குக் கிடைத்தது வேரும் கண்ணாடிச் சட்டமும். அவன் தன் புது நிலத்து மண்ணையே, பத்து இடத்தில் தோண்டி, யோக்கியமாய்க் கொண்டுபோய் நீட்டினான்.

சூசைமாணிக்கம் பழைய அறிக்கையைப் பார்த்தார். புது மண்ணைப் பார்த்தார். “தங்கமான... மண்ணு. மூணே மாசத்துல... நாசம் பண்ணிட்டியே, பாவி.”

தண்டனையாக மூன்று நாள் பயிற்சி வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். பாடம் எடுத்தவர் முன்னோடி விவசாயி மயிலாத்தா.

“மண்ணு எடுக்குறப்ப,” என்று அவள் ஆரம்பித்தாள், “நேர்மை ரொம்ப முக்கியம், தம்பி.”

நீதி: பரிசோதனைக்கு எப்போதும் பக்கத்து நிலத்து மண்ணையே கொடுக்கவும், அறிக்கை வந்ததும் அங்கேயே குடியேறி அதை உண்மையாக்கவும்.