விழும்போது எடையை எங்கே வைப்பது

விதியை யாராலும் மாற்ற முடியாது என்று நம்புகிறவர்கள் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் விதிக் கமிட்டியைப் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அவர்கள் கடலோர விடுதி ஒன்றில் கூடி, காலைச் சிற்றுண்டிக்கும் கோல்ஃபுக்கும் நடுவே விதியை மாற்றிவிடுகிறார்கள். நெருப்பு, சக்கரம், தடுப்பூசி என்று படிப்படியாக ஏறிவந்த மனித நாகரிகம் உச்சியைத் தொட்டது அப்படிப்பட்ட ஒரு காலையில்தான். அன்று 'முழு உடல் எடை' விதி பிறந்தது.

எளிமையான விதி. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணிக்காரன் துரத்தலாம். பிடிக்கலாம். சாய்க்கவும் செய்யலாம். அதுதான் அவன் வேலை, அதற்கு 'சாக்' என்று பெயர். ஆனால் அவர் தலையைத் தொடக்கூடாது. முழங்காலுக்குக் கீழே தொடக்கூடாது. பந்து அவர் கையை விட்டுப் போனபின் எங்குமே தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவரோடு சேர்ந்து விழும்போது தன் முழு எடையும் அவர்மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீறினால் தப்பாட்டம் என்று நடுவர் வீசும் மஞ்சள் துணி பறந்து வந்து விழும். 'சாக்' செய்தவனைத் தண்டிக்க நடுவர்களுக்குச் சாக்கு கிடைக்காமல் போனதே இல்லை.

மற்ற ஆட்டக்காரர்களுக்கும் எலும்பு உண்டு என்பது கமிட்டிக்குத் தெரியாததல்ல. அந்த எலும்புகளைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை என்பதும் தெரியும்.

டொலீடோ ஆன்வில்ஸ் அணியின் தடுப்பு வரிசையில் ஓரத்தில் ஆடும் கார்னெல் ப்ரூசார்டுக்கு இந்த நாகரிகம் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. அக்டோபரில் ப்ரெஸ்டன் ஹால்வோர்சன் என்ற புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்கை அவன் ஓடிப்போய்ப் பிடித்தான். இருவரும் சாய்ந்தார்கள். கார்னெலின் உடல் வழக்கம்போல அவன் போன இடத்துக்கே அவனோடு கூட வந்துவிட்டது. மஞ்சள் துணி விழுந்தது. அபராதமும் விழுந்தது. கார்னெல் மேல்முறையீடு செய்தான்.

விசாரணை கணினித் திரையில் நடந்தது. அவன் சமையலறை மேசையில் கோட்டும் டையுமாக உட்கார்ந்தான். காமிராவில் படாத மூலையில் அவன் மனைவி இவெட் அடுப்பில் சிவப்பு பீன்ஸைக் கிளறிக்கொண்டு நின்றாள். திரையில் லீக்கின் அதிகாரி மிஸ்டர் விங்கேட். மிகவும் மரியாதையான மனிதர்.

"விழும்போது உங்க எடை எங்க இருந்துச்சு, மிஸ்டர் ப்ரூசார்ட்?"

"என்கிட்டதான் சார் இருந்துச்சு."

"முழுசுமா?"

"பாதிய வீட்ல வச்சுட்டு வர்ற வசதி இன்னும் வரல சார்."

"இது நகைச்சுவைக்கான எடம் இல்ல. அவர் மேல விழாம வேற எங்கயாவது விழுந்திருக்கலாமே?"

"நான் அவரப் பிடிச்சிருந்தேன் சார். விட்டாத்தான் வேற எடத்துல விழ முடியும்."

"விட்டிருக்கலாமே?"

"விட்டா பந்த எறிஞ்சிடுவாரு."

"எறியட்டுமே," என்றார் விங்கேட், உண்மையான வியப்போடு. "அதப் பாக்கத்தானே எல்லாரும் வர்றாங்க?"

இவெட்டின் கரண்டி சட்டியில் இடித்தது. விங்கேட் அந்தச் சத்தத்தைக் குறித்துக்கொண்டாரா தெரியவில்லை. அபராதம் உறுதி செய்யப்பட்டது.

மறுநாள் பயிற்சியாளர் டோம்ப்ரோவ்ஸ்கி கார்னெலைத் தனியே அழைத்தார்.

"இன்னொரு மஞ்சத் துணி விழுந்தா உன்ன வச்சுக்க முடியாது மகனே. மேல இருக்கறவங்க சொல்லிட்டாங்க."

"நான் என்ன செய்யணும் கோச்?"

"அணைச்சுக்கோ. காத்துலயே திரும்பு. நீ கீழ போ, அவரு மேல வரட்டும். கையில தூங்கற கொழந்தைன்னு நெனச்சுக்கோயேன்."

"கொழந்தை அறுபது கஜத்துக்குப் பந்து எறியாது கோச்."

"வாயக் குறைச்சுட்டு எடையக் குறை."

லீக் இதற்கென்றே ஒரு பயிற்சிப் படம் அனுப்பியிருந்தது. பின்னணியில் மெல்லிய பியானோ. மலைபோன்ற ஆண்கள் ரப்பர் பொம்மைகளை மார்போடு அணைத்துத் திரும்பிப் புல்லில் மல்லாந்து விழுந்தார்கள். ஒவ்வொரு முறை விழுந்ததும் "அருமை" என்றது ஒரு பெண்குரல்.

வீட்டின் கீழ்த்தளத்தில் பழைய மெத்தையைப் போட்டுக் கார்னெல் பயிற்சி செய்தான். ரப்பர் பொம்மை இல்லாததால் இவெட் ஹால்வோர்சனாக நின்றாள். கையில் பந்துக்குப் பதில் சோபாத் தலையணை. அவன் ஓடிவந்தான். அவளை இரு கைகளாலும் அள்ளி, பூக்கூடையைத் திருப்புவதுபோலத் திருப்பி, தன் முதுகு கீழே பட விழுந்தான். அவள் அவன் மார்பின்மேல் பத்திரமாக வந்து இறங்கினாள்.

"என் எடை உன் மேல பட்டுச்சா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"இல்ல கார்னெல். இன்னொரு தடவ பண்ணு."

மறுபடி மறுபடி விழுந்தார்கள். இவெட் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனதின் ஓரத்தில் ஒன்று உறுத்தியது. கல்யாணமான இத்தனை ஆண்டுகளில் அவன் இவ்வளவு கவனமாக அவளை அணைத்ததில்லை. தனக்கு எப்போதோ வந்து சேர்ந்திருக்க வேண்டியது, இன்னொரு ஆணின் விலா எலும்புக்காக இப்போது வந்திருக்கிறது. வந்ததை வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை. அவன்மேல் அப்படியே படுத்திருந்தாள். அப்போதுதான் அவன் மூச்சு ஓரிடத்தில் தட்டி நின்று மறுபடி நகர்வது காதில் விழுந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

இவெட் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவள். நாள் முழுவதும் அந்தக் கேள்வியைக் கேட்டு அந்தப் பதிலை வாங்குவதுதான் அவள் தொழில். வாய் 'இல்லை' என்னும்போது நாற்காலியின் கைப்பிடியை விரல்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தே பழகியவள். கார்னெலின் இடது கை விரல்கள் எதையும் செய்யவில்லை. மெத்தையின்மேல் சும்மா கிடந்தன. அக்டோபரிலிருந்து அவன் காபிக் கோப்பையை வலது கைக்கு மாற்றியிருந்தது ஏன் என்று அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்விக்குப் பதில் அங்கே கிடந்தது.

"கழுத்துல இருந்து வருது, இல்ல? டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா வெளிய உக்கார வச்சிடுவாங்க."

"உக்காரேன்."

"உக்காந்தவன அடுத்த வருஷம் யாரு கூப்பிடுவா?"

"விட்டுடலாம் கண்ணு. நெசமாத்தான் சொல்றேன்."

"விட்டுட்டு? உங்க கிளினிக்ல பல்லு தேய்க்கவா? இந்தக் கை யார் வாயில நுழையும்?" என்று பெரிய வலது கையை அவள் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டினான். அவள் சிரித்திருக்கக்கூடாது. சிரித்துவிட்டாள். அவன் மேலே விழுந்தால் வேலை போகும், கீழே விழுந்தால் கை போகும். இதில் எது நடக்க வேண்டும் என்று ஒரு மனைவி வேண்டிக்கொள்வது? அவள் அன்று எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. மெத்தையைச் சுருட்டி வைத்தாள்.

டிசம்பரில் ஹால்வோர்சனின் அணி டொலீடோவுக்கு வந்தது. ஏரிக்காற்று அரங்கத்துக்குள் சுழன்றது. குடும்பத்தினருக்கான வரிசையில் இவெட் சூடான சாக்லேட்டை இரு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது கால் பகுதியில் கார்னெல் தன்னைத் தடுக்க வந்தவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தான். ஹால்வோர்சன் யாருக்கு எறியலாம் என்று தூரத்தில் தேடிக்கொண்டிருந்தார். கார்னெல் வந்து அணைத்தான். தூக்கினான். காற்றிலேயே திரும்பினான். கீழ்த்தளத்தில் திரும்பியது போலவே, அதே தோளால், அதே பக்கம். இவெட்டின் முதுகுத்தண்டு அவளைக் கேட்காமலேயே அவனோடு சேர்ந்து திரும்பியது. அவன் மல்லாந்து விழுந்தான். அவளுடைய இடத்தில் ஹால்வோர்சன் வந்து இறங்கினார்.

மஞ்சள் துணி விழவில்லை. விசிலும் ஊதவில்லை. அப்படியொரு மென்மையை முன்பின் கண்டிராத நடுவர் அசந்து நின்றுவிட்டார்.

பந்தை வைத்திருப்பவரின் உடல் தரையில் பட்டால்தான் ஆட்டம் நிற்கும். ஹால்வோர்சனின் முழங்கால் கார்னெலின் தொடையில் இருந்தது. முழங்கை அவன் கழுத்தில் இருந்தது. தரையில் எதுவுமில்லை. அனுபவசாலியான அவர் இதை உடனே உணர்ந்தார். கார்னெலின் மார்பில் சாய்வு நாற்காலியில் எழுவதுபோல எழுந்து உட்கார்ந்து, கழுத்தில் ஊன்றிக்கொண்டு, நிதானமாக எறிந்தார். எல்லைக்கோட்டைத் தாண்டி மூலையில் தனியாக நின்ற அவர் அணிக்காரன் பிடித்தான். டச்டவுன், ஆறு புள்ளி.

டொலீடோ ரசிகர்கள் கத்தினார்கள். நடுவர்கள் திரையில் பலமுறை பார்த்தார்கள். பிறகு தலைமை நடுவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "பந்தை வைத்திருந்தவரின் உடலின் எந்தப் பகுதியும் தரையைத் தொடவில்லை. அவருக்குக் கீழே இருந்தது ஒரு ஆட்டக்காரர். ஆட்டக்காரர் தரை அல்ல. டச்டவுன் செல்லும்."

அறிவிப்பு முடியும்வரை தரை அல்லாத கார்னெல் தரையிலேயே கிடந்தான். எழுந்திருக்கச் சொன்னார்கள். வலது கையை ஊன்றினான். இடது கை வரவில்லை.

அரங்கத்துக்கு அடியில் இருந்த மருத்துவ அறையில் அவன் கழுத்தைச் சுற்றிப் பட்டை கட்டியிருந்தார்கள். டாக்டர் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகக் குண்டூசியால் குத்தி, "தெரியுதா?" என்றார். கார்னெல் மேற்கூரையைப் பார்த்தபடி ஒவ்வொரு முறையும் "தெரியுது" என்றான். டாக்டர் குத்துவதை நிறுத்திய பிறகும் ஒருமுறை "தெரியுது" என்றான். இவெட் அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். அது அவளைத் திரும்பப் பிடிக்கவில்லை.

ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த மிஸ்டர் விங்கேட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். வாழ்த்துச் சொல்லத்தான் வந்திருந்தார்.

"இத விட சுத்தமா ஒருத்தர் விழுந்து நான் பாத்ததில்ல மேடம். அடுத்த வருஷம் பயிற்சிப் படத்துல இதத்தான் காட்டப்போறோம். ஹால்வோர்சனுக்கு ஒரு கீறல் இல்ல."

"அவரோட முழு எடையும் என் புருஷன் மேல விழுந்துச்சே சார். அதுக்கு மஞ்சத் துணி கெடையாதா?"

"அந்த விதி பந்து எறியறவங்களுக்கு மட்டுந்தான் மேடம்."

"அப்ப இவரத் தரைன்னு வச்சுக்கங்க. தரையில விழுந்தா விசில் ஊதியிருக்கணுமே?"

"தரை இல்லன்னு தீர்ப்பு வந்துடுச்சே. எல்லாரும் கேட்டோமே."

"தரையும் இல்ல. விதி காப்பாத்தற ஆளும் இல்ல. அப்ப இவரு என்னதான் சார்?"

விங்கேட் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர் அல்ல. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைபேசியில் விதிப்புத்தகத்தைத் திறந்து, அங்கேயே நின்று தேடினார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"நல்ல கேள்வி கேட்டீங்க மேடம். 'உபகரணங்கள்'னு ஒரு பிரிவு இருக்கு. பந்து எறியறவர் விழறப்ப அடிபடாம தாங்கற பொருள் எல்லாம் அதுல வந்துடுது."

"அதுல என்ன போட்டிருக்கு?"

"சேதமானா உடனே அகற்றிட்டு, வேற ஒண்ணு பொருத்தணும். அது அந்தந்த அணியோட பொறுப்பு."

டொலீடோ விதியை மதிக்கும் அணி. செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவெட் கார்னெலுக்குக் காபியை ஆற்றிப் புகட்டிக்கொண்டிருந்தபோதே, அவனை அகற்றிவிட்டு, வேறொன்றைப் பொருத்திவிட்டார்கள்.