சின்னசாமி உடைத்த கரு

சம்பந்தி ஜம்புலிங்கம் ஜட்கா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றபடியே, "பொண்ண அனுப்புங்க" என்றார்.

ஆறு மாதக் கர்ப்பிணி அம்சவேணி டிரங்குப் பெட்டியோடு தயாராக இருந்தாள். மாமனார் சின்னசாமிக்குப் பதில் வருவதற்குமுன் இருமல் வந்தது. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அந்த இருமலை வைத்தே அவர் வீட்டுக்கு வழி சொல்வார்கள்.

"இன்னா சம்மந்தி இது? வளைகாப்புக்கு இன்னும் நாளே பாக்கலியே."

"கொழந்த தங்குனாத்தான வளைகாப்பு? மைன்ஸ் ஷாப்ட்டுக்குள்ள கருவ அடிச்சு ஒடைக்கிறாங்கோன்னு நீங்கதான் சொன்னீங்களாமே."

சொன்னது உண்மைதான். வானத்திலிருந்து பாறையைத் துளைத்துக்கொண்டு வரும் துகள்களைப் பிடிக்கிறோம் என்று பம்பாயிலிருந்து விஞ்ஞானிகள் வந்து, சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சில் கல்தூள் ஏறிப் பாறை துளைக்க முடியாமல் போன சின்னசாமியை அவர்களுக்குப் பெட்டி தூக்கப் போட்டிருந்தது கம்பெனி. அவர்களில் ஏகநாதன் என்றொரு தமிழர். டீ குடிக்கும்போது வெளிநாட்டுச் சங்கதிகள் சொல்வார். அணுக்கருவை வேகமான துகள்களால் அடித்தால் உலகத்திலேயே இல்லாத புதுத் தனிமம் பிறக்கிறது, ஆனால் பிறந்த வேகத்தில் செத்தும் போகிறது என்றார். சின்னசாமி 'அணு'வை மட்டும் வழியில் எங்கேயோ தவறவிட்டு, மிச்சத்தையெல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்து கர்ப்பிணி மருமகள் எதிரில் வைத்துவிட்டார்.

பெண் போனால் மகன் நாகேஷும் பின்னாலேயே போய்விடுவான். அதுதான் அவருடைய பயம். அடுத்த எக்ஸ்ரேயில் அவரை வேலைக்கு லாயக்கில்லை என்று தள்ளிவிடுவார்கள். தள்ளப்பட்டவன் இடம் மகனுக்கு, அதுதான் வழக்கம். ஆயுசெல்லாம் மண்ணுக்குள் கிடந்ததற்கு மிஞ்சியது அந்த ஓர் இடம்தான். நாகேஷ் வேண்டாமென்றால் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

"அது வேற கரு, சம்மந்தி. பொம்பளைங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அங்க, வெளிநாட்டுல, பாதரசத்தோட கருவ அடிக்கிறாங்கோ. அடிச்சா அது தங்கமாயிடுதாம்."

ஜம்புலிங்கம் அப்போதுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஆண்டர்சன்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருப்பவர். எதையும் நிறுத்துப் பார்க்கிற புத்தி.

"நெஜமாவா?"

"சத்தியமா. பண்ணியே காட்டிட்டாங்களாம்."

"அப்போ மண்ணுக்குள்ள எறங்கிச் சாவறதுக்கு ஆளு எதுக்கு? மைன்ஸ மூடிடுவாங்கோ." அவர் நாகேஷைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, நீங்களும் வண்டியில ஏறுங்க. கடையில புளி நிறுத்துப் போட ஆளில்ல."

நாகேஷ் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டான்.

வண்டி போனதும் சின்னசாமியின் மனைவி மங்கம்மா, "வாய வச்சிக்கினு சும்மா இருந்தா இன்னா?" என்றாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். சின்னசாமி ஒரே வாரத்தில் இரண்டு தரம் கெட்டிருந்தார்.

மறுநாள் அந்தச் செய்தி, ஆள் இறக்கும் கேஜை விட வேகமாகச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. முதல் ஷிப்டு ஆட்கள் கேஜில் ஏற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

"போன மாசம் பாற வெடிச்சி என் தம்பி போனான்" என்றான் பெருமாள். "பாதரசத்துல தங்கம் வருதுன்னா அவன் எதுக்குச் செத்தான்? நீயே சொல்லு."

சின்னசாமி நேரே ஏகநாதனிடம் ஓடினார். ஏகநாதன் சிரித்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்டதும் சின்னசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்தத் தடவை ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆள் அனுப்பிச் சம்பந்தியையும் மகனையும் ஷாப்ட் வாசல் டீக்கடைக்கு வரவழைத்தார். ஷிப்டு ஆட்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"கேளுங்க. பாதரசத்துல தங்கம் பண்ணலாம். ஆனா கடுகளவு தங்கம் பண்றதுக்கு ஆவுற செலவுல ஒரு வண்டித் தங்கம் வாங்கிடலாம். தங்கத்தோட வெலைய விட அத்த உண்டாக்குற செலவு ஜாஸ்தி. எந்த முட்டாளாச்சும் அந்த வேலையப் பண்ணுவானா?"

பெருமாள்கூடச் சிரித்துவிட்டான். ஜம்புலிங்கம் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். தராசு நேராக நின்றது.

"வாஸ்தவந்தான். அப்டி யாவாரம் பண்றவன் சீக்கிரமே கடைய மூடிக்கினு போவ வேண்டியதுதான். சரி, பொண்ண நாளைக்கே அனுப்புறேன். மாப்ள, நீங்க மைன்ஸ் வேலைக்கு மெடிக்கல் செக்கப்புக்குப் போங்க."

நாகேஷ் தலையாட்டினான். சின்னசாமிக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில் அவருக்கு இருமல்கூட வரவில்லை.

கம்பெனிக் கணக்கு ஆபீஸ் குமாஸ்தா பர்னபாஸ், கூட்டம் கலைகிறவரை ஓரமாக உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, சின்னசாமிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அண்ணே, நம்ம கம்பெனி தோண்டி எடுக்கிற தங்கமும் பல வருசமா அந்தக் கணக்குதான்."