உரக்கடையில் நடந்த நிலாப் போர்

முருங்கைக்காட்டு மன்னரும், மூன்று கிணறு வற்றியும் முகம் வாடாத தீரரும், நான்கு ஏக்கர் நிலமடந்தையின் நாயகருமாகிய ஒட்டன்சத்திரத்து நாச்சிமுத்துவின் வெற்றியைப் பாடத் துணிந்தோம்; சொல்லில் பிழை நேர்ந்தால் கலைமகள் பொறுத்தருள்க!

பொங்கலுக்குப் பத்து நாள் முந்திய ஒரு முற்பகல். மீரானின் உரக்கடையில் யூரியா மூட்டைகள் இமயமும் பொதியமுமாய் எழுந்து நிற்க, வந்தவர்க்கெல்லாம் இலவசமாய் வழங்கிய புத்தாண்டுக் காலண்டர்களில் முருகன் தீர்ந்தான், மாதா தீர்ந்தாள், டிராக்டரும் தீர்ந்தது. எஞ்சியது ஒன்றே ஒன்று. அதில் இருந்தது நிலா!

புலவர் பெருமக்கள் பல நூறு ஆண்டுகளாய்ப் பெண்டிர் முகத்துக்கு உவமை சொல்லிச் சலித்த அதே நிலா. ஆனால் காரிருள் அண்டத்தின் நடுவே, பள்ளமும் மேடும் வடுவுமாய், விரல் வைத்தால் புழுதி ஒட்டும் அண்மையில் படம் பிடிக்கப்பட்ட நிலா. கண்டதும் நாச்சிமுத்துவின் நெஞ்சம் ஆடிக்காற்றில் அகப்பட்ட தென்னையாயிற்று. ஏனெனில், ஐந்து வயதில் வந்த அம்மை அவர் முகமெங்கும் குழி பறித்துப் போயிருந்தது. கல்யாணப் போட்டோவிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றவர் அவர்.

"அடேங்கப்பா! என்ற மூஞ்சியாட்டவே இருக்குதுங்களே!" என்று முழங்கி, யானை கரும்பைப் பற்றுவதுபோல் காலண்டரின் மேல்முனையைப் பற்றினார்.

அந்தோ! அதே கணத்தில் கீழ்முனையைப் பற்றியது இன்னொரு கரம். பள்ளித் தோட்டத்துக்கு மண்புழு உரம் வாங்க வந்த, இருபத்திரண்டு ஆண்டுகள் சாக்பீஸ் பிடித்து உரமேறிய, ஆனந்தமேரி டீச்சரின் கரம் அது!

இழுத்தார் அவர், இழுத்தார் இவர். கொம்போடு கொம்பு கோத்த காங்கேயம் காளைகள்போல் இருவரும் சுழல, தராசு அதிர, விதைப் பாக்கெட்டுகள் விண்மீன்களாய்ச் சிதற, வேப்பம்புண்ணாக்குத் தூசி போர்க்களப் புழுதியென எழுந்து கதிரவனை மறைத்தது.

"கிழிஞ்சா ஆளுக்கு அரை நிலாதான்!" என்று கல்லாவின் மேல் ஏறி நின்று அறிவித்தார் மீரான்.

"விடுங்கண்ணே! ஆறாப்புப் புள்ளைக நிலாவ வழுவழுன்னு தோசையாட்டம் வரையுதுக. இம்புட்டுக் குழி இருக்குன்னு நான் காட்டணும்ல!" என்று கர்ஜித்தார் டீச்சர்.

"நானும் குழியத்தானுங்க டீச்சர் காட்டோணும்! என்ற மூஞ்சியப் பாருங்க. நிலாவப் பாருங்க. எங்கூட்டுக்காரி அய்யம்மா ஒருக்கா இதப் பாக்கோணுமுங்க!"

டீச்சர் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், நிலாவைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். உதடு துடித்தது, சிரிப்பு பீறிட்டது, இரும்புப் பிடி தளர்ந்தது. முழுவலிமையோடு இழுத்துக்கொண்டிருந்த நம் தலைவர், வேரற்ற ஆலமரமென மண்புழு உர மூட்டைகளின் மேல் மல்லாந்து வீழ்ந்தார். வீழ்ந்தும், வானவர் வாழ்த்த, வையகம் வியக்க, சுருக்கமொன்றும் காணாத நிலவை இரு கையாலும் உயர்த்திப் பிடித்து, நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக முகத்தை நேராகக் காட்டிச் சிரித்தார்.

ஆனந்தமேரி டீச்சர் கைப்பையிலிருந்து போனை எடுத்து, காலண்டரை ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறிவிட்டார்.