கர்னலின் குதிரை

செவ்வாய்க்கிழமை மதியம், கறுப்பு பீன்ஸும் சோறும் வயிற்றுக்குள் இறங்கிய தைரியத்தில், ஒரு மேசை மேலே ஏறுவது என்று முடிவெடுத்தேன்.

ஏறுவது என்றால் செருப்போடு ஏறுவதல்ல. நான் இணையத்தில் போக்கர் ஆடிப் பிழைக்கிறவன். மூன்று வருஷமாக ஐம்பது டாலர் மேசை. அடுத்த மேசையில் ஒருமுறை உட்கார நூறு டாலர் கட்ட வேண்டும். அதை நாங்கள் ஒரு கட்டு என்போம். பயந்தாங்கொள்ளிகள் ஐம்பது கட்டு சேரும்வரை காத்திருப்பார்கள். என்னைப் போன்ற வீரர்கள் இருபது சேர்ந்ததும் பாய்வார்கள். ஐந்து கட்டோடு மேலே போவது. ஐந்தும் போனால் மூச்சு விடாமல் பழைய மேசைக்கு இறங்கிவிடுவது. இதுதான் என் தாக்குதல் முறை.

இதை என் மனைவி இவொனெச்சிக்கு விளக்கினேன். அவள் முன்னறையில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். எங்கள் ஊர் ஜொயின்வில்லியில் மழை நின்றாலும் அவள் தையல் மிஷின் நிற்காது.

"இருபது கட்டுன்னா ரெண்டாயிரம் டாலர். வீட்டுல இருக்கறதே அவ்வளவுதான் ஓஸ்மார்."

"அதான் சரியா இருக்குங்கறேன்!"

"அஞ்சும் தோத்தா?"

"கீழ இறங்கிடுவேன். இறங்கறதுல வெட்கமே இல்ல. அது விஞ்ஞானம்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆயிரத்தைந்நூறுக்கு ஒரு காசு குறையட்டும். லேப்டாப் அலமாரிக்குள்ள. நீ திங்கக்கிழமை ஜெனேசியோ கடைக்குள்ள."

ஜெனேசியோ என் மச்சான், இவொனெச்சியின் கூடப்பிறந்தவன். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறான். ஒவ்வொரு டயரும் என் நெஞ்சு உயரம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து இறைச்சி சுடும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துப் பார்த்து, "நல்ல உடம்பு, சும்மா கிடந்து வீணாப் போவுது" என்பான். மாடு வாங்க வந்தவன் மாதிரி இருக்கும்.

கணக்குப் போட்டேன். ஐந்து கட்டும் போனால் மிச்சம் சரியாக ஆயிரத்தைந்நூறு. இடையில் ஒரு காசு கமிஷனாகப் போனாலும் நான் பஞ்சர். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பணம் உள்ளவன் முதல் போடுவான். ஆடத் தெரிந்தவன் ஆடுவான். லாபத்தில் ஆளுக்குப் பாதி. முதல் போடுகிறவன் முதலாளி, ஆடுகிறவன் குதிரை. வீட்டுப் பணத்தைத் தொடவே வேண்டாம்! ஆட்டக்காரர்களின் அரட்டைக் குழுவில், "நல்ல குதிரை, ஐந்து கட்டு தேவை" என்று போட்டேன்.

இரண்டே நிமிஷத்தில் கர்னல் என்ற பெயரில் ஒருவர் பதில் போட்டார். "நான் தருகிறேன். நிபந்தனைகள் உண்டு."

ஒரு நாளைக்கு இரண்டு காபிதான். ஆடுவதற்கு முன் அரைமணி நேரம் உடலுழைப்பு, வீடு பெருக்கினால் உத்தமம். தோற்றால் குதிரை ஓடிப்போகக் கூடாது. தோற்றது ஈடாகும்வரை முதலாளி சொல்கிறபடி உழைக்க வேண்டும். இதெல்லாம் எங்கள் தொழிலில் சகஜம். சின்ன மேசையில் ஆடித் தீர்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். பெயர் தெரியாத ஒரு மனிதர் என் திறமையை நம்புகிறாரே என்று கண்ணே கலங்கிவிட்டது. சம்மதம் என்றேன். பணம் வந்து விழுந்தது.

துடைப்பத்தோடு என்னைப் பார்த்த இவொனெச்சி நெஞ்சில் சிலுவைக்குறி போட்டாள்.

"மாதாவே! இது என்ன வேஷம்?"

"தொழில் ஒழுக்கம். பெரிய மனுஷர் ஒருத்தர் சொல்லிக் குடுத்தாரு. உனக்குப் புரியாது."

"கட்டிலுக்கு அடியில பெருக்கச் சொல்லலையா அவரு?"

"சொல்லல."

ஐந்து நிமிஷத்தில் செய்தி வந்தது: "கட்டிலுக்கு அடியிலும்." கர்னலின் நுணுக்கத்தை நினைத்து மலைத்துப் போனேன்.

வியாழக்கிழமை அவள் அளவு நாடாவோடு வந்தாள். "கையைத் தூக்கு. ஒரு ஆர்டர் வந்திருக்கு. ஆளு உன் அளவுதான், இதே தொப்பை." தூக்கினேன். மனசெல்லாம் மேசை மேல்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். முதல் கட்டு பத்து நிமிஷத்தில் போனது. இரண்டாவது, நான் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தபோது போனது. மூன்றாவதில் கொஞ்சம் ஜெயித்தேன். அந்தச் சந்தோஷத்தில் நான்காவதும் சேர்ந்து போனது. முன்னறையில் மிஷின் டகடகவென்று ஓட, என் நெஞ்சும் அதே வேகத்தில் ஓடியது.

கடைசிக் கட்டு. கையில் இரண்டு ராஜா! இதைவிட நல்ல கை ஒன்றே ஒன்றுதான் உண்டு, இரண்டு ஏஸ். எல்லாவற்றையும் தள்ளினேன். எதிராளி சீட்டைத் திருப்பினான்.

இரண்டு ஏஸ்.

கர்னலுக்கு எழுதினேன்: "மன்னிக்கவும். ஐந்தும் போச்சு."

மிஷின் நின்றது. பதில் வந்தது: "பரவாயில்லை. திங்கள் காலை ஏழு மணிக்கு, ஜெனேசியோ டயர் கடை."

திரும்பினேன். இவொனெச்சி நீல நிற வேலையுடுப்போடு நின்றாள். மார்புப் பையில் 'ஓஸ்மார்' என்று சிவப்பு நூலில் பூவேலை.

"வீட்டுப் பணம் ரெண்டாயிரமும் அப்படியே இருக்கு!" என்று அலறினேன். "உன் சட்டப்படி நான் போக வேண்டியதே இல்ல!"

"அது என் சட்டம். இது கர்னலோட சட்டம். பணம் ஜெனேசியோவோடது, விரல் என்னோடது."

"அந்தக் குழுவுக்குள்ள நீ எப்படி வந்த?"

"நீதானே சேர்த்துவிட்ட, ஜெயிச்சா கைதட்ட ஆளு வேணும்னு. மூணு வருஷமாக் காத்துட்டிருக்கேன்." உடுப்பை என் தோளில் வைத்து அளவு பார்த்தாள். "ஐந்நூறு டாலர் கழியற வரைக்கும் கடைக்குப் போ. இறங்கறதுல வெட்கமே இல்லன்னு சொன்னியே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக் கேட்டேன். "வியாழக்கிழமையே அளவெடுத்துத் தைச்சுட்டியே, ஒருவேளை நான் ஜெயிச்சிருந்தா இந்தத் துணி வீணாப் போயிருக்காதா?"

அவள் என்னைப் பரிவோடு பார்த்தாள்.

"ரெண்டு ஜோடி தைச்சிருக்கேன், ஓஸ்மார்."