‘தொடரும்’ அண்ணன் எழுப்பிய அலை

நிலநடுக்கத்துக்குப் பயப்படாதவர்களை போர்ட் பிளேரில் பார்த்திருக்கிறேன். முதலைக்குப் பயப்படாத ஒருவர் எனக்குச் சினேகிதர். ஆனால் ‘தொடரும்’ அண்ணனின் ஞாயிற்றுக்கிழமைக்குப் பயப்படாத ஒரு ஜீவனை எங்கள் ஷாதிபூர் சந்தில் நான் இன்றுவரை சந்தித்ததில்லை.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று கோயில் பதிவேட்டில் இருக்கும். எங்களுக்கு அவர் ‘தொடரும்’. தொழில், ஃபேன் மோட்டாருக்கு காயில் கட்டுவது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஒரு ஃபேன் இரண்டு வருடம் ஓடினால் அதை மாலை போட்டுக் கும்பிடலாம். அதனால் அவர் கடையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு ஃபேன்கள் இறக்கை கழன்று கிடக்கும். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கதை யோசிப்பார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், வார்னிஷ் வாசனை அடிக்கும் ஒற்றை விரலால் அதை மொபைலில் தட்டி, சந்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். கடைசி வரி தவறாமல் ‘தொடரும்’.

அந்த குரூப்பை ஆரம்பித்ததே குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லிக்கொள்ளத்தான். மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரைப் பிடிக்கக் காத்திருந்தவர்கள், கொஞ்ச நாளில் தங்கள் தலைவிதியைத் தெரிந்துகொள்ளவும் அங்கேயே காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொடருக்கு அவர் பெயர் வைக்கவில்லை. “பேர் வச்சா கதை உசாராயிரும் தம்பி. அப்புறம் நம்ம பேச்சக் கேக்காது” என்றார். பெயர் வைக்காமலே அது அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு வெள்ளை ஆடு குழியில் விழுந்தது. அந்த வாரமே மீன் விற்கும் செலின் அக்காவின் ஆடு, கட்டிக்கொண்டிருந்த செப்டிக் டேங்கில் விழுந்தது. அது கறுப்பு ஆடாயிற்றே என்று நான் சொல்லிப் பார்த்தேன். சேற்றிலிருந்து தூக்கி வெளியே எடுத்தபோது அது என்ன நிறத்தில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அதனால் என் கட்சி எடுபடவில்லை. ஐந்தாவது அத்தியாயத்தில் ஒரு முரட்டு மீசைக்காரன் மீசையை இழந்தான். செலின் அக்காவின் கணவர் பாசிப் படியில் வழுக்கி விழுந்து, மேலுதட்டில் தையல் போடுவதற்காக ஆஸ்பத்திரியில் மீசையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதுவரை எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஏழாவது அத்தியாயத்தில் நீலக் கதவு வைத்த வீட்டின் மேல் தென்னை மரம் விழுந்தது. சந்தில் நீலக் கதவு வீடு ஒன்றுதான். எங்கள் வங்காளி அண்டைவீட்டுக்காரர் தாஸ் தாதாவுடையது. வியாழக்கிழமை அடித்த காற்றில் மரம் சாய்ந்து, அவர் தினமும் மத்தியானம் படுக்கும் கட்டிலை இரண்டாகப் பிளந்தது. அன்றைக்கு அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்ததால் தப்பினார். திரும்பி வந்து கட்டிலைப் பார்த்தவர் பிரஷ்ஷை எடுத்துக் கதவுக்குச் சிவப்பு அடிக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. தாஸ் தாதாவுக்குத் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. ஞாயிறு பத்து மணிக்கு மொபைலை நீட்டிக்கொண்டு என் வாசலில் நிற்பார். “பாய், ஆஜ் மேரா கர் ஹை க்யா?” இன்றைக்குத் தன் வீடு வருகிறதா என்பதுதான் கேள்வி. இல்லை என்றதும் அவர் விடுகிற மூச்சில் என் வீட்டுக் காலண்டர் ஆடும்.

செலின் அக்கா வேறு வழி பார்த்தார். ஒரு முழு சீலா மீனைக் கொண்டுபோய் காயில் கடையில் வைத்தார்.

“அண்ணே, எங்க வீட்டுப் பக்கம் கதை வராமப் பாத்துக்கிடுங்க.”

“நான் எங்க செலின் எழுதுறேன்? அது தானா வருது. நானே பயந்துகிட்டுதான் டைப் பண்றேன்.”

அது உண்மை. கழுத்தில் ஜெபமாலை, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டு அரைக்கண்ணால் பார்த்துத்தான் தட்டுவார். அனுப்பியதும் மொபைலை வார்னிஷ் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். எங்கள் சந்திலேயே அந்தக் கதைக்கு அதிகம் பயந்தவர் அதை எழுதியவர்தான்.

என் முறை பதினோராவது அத்தியாயத்தில் வந்தது. கண்ணாடி போட்ட ஓர் ஆபீஸ் குமாஸ்தா, ஃபைல்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தீவுக்கப்பல் ஏறுகிறான். மேல்தளத்தில் ஒருவன் மஞ்சள் பையோடு நிற்கிறான். நடுக்கடலில் ஓர் அலை எழும்புகிறது. தொடரும்.

நான் கண்ணாடி போட்டவன். ஆபீஸ் குமாஸ்தா. என் மஞ்சள் பையை லம்பா லைன் தெரு முனையில் நின்று பார்த்தாலே அடையாளம் சொல்வார்கள். வருகிற புதன்கிழமை, ஆபீஸ் வேலையாக தெற்கே ஒரு தீவில் இருக்கும் ஹட் பேக்குக் கப்பலில் எனக்கு டிக்கெட் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ‘அலை’ என்ற சொல்லை எங்கள் ஊரில் யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. கடல் உள்ளே வந்த அந்தக் காலையில் ஓடியவர்கள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்கள், ஓட முடியாமல் போனவர்களின் படங்கள் வீட்டுக்கு வீடு சுவரில் இருக்கின்றன.

அன்று மாலையே செலின் அக்கா வந்தார். ஆறு மாதமாகத் தராமல் வைத்திருந்த எங்கள் மிக்ஸி ஜாரைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து என் மனைவி ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தார். என்னை ஏறிட்டுப் பார்க்காமல் போய்விட்டார். கதையைப் படித்தபோது வராத நடுக்கம் அந்த ஜாரைப் பார்த்ததும் வந்தது.

ஸ்டெல்லா மறுநாள் காயில் கடைக்குப் போனாள். பின்னால் நான், என் பின்னால் தாஸ் தாதா, செலின் அக்கா, மீசை பாதி வளர்ந்த அவர் கணவர்.

“அண்ணே, எம் புருசனக் கப்பல்ல இருந்து எறக்குங்க.”

“ஏத்தியாச்சே தங்கச்சி. கப்பலு கெளம்பிட்டு.”

“அப்பக் காப்பாத்துற மாதிரி எழுதுங்க.”

அண்ணனின் கண் கலங்கியிருந்தது. “மூணு தடவ எழுதிப் பாத்தேன். அலை தானா அடங்கிட்டுன்னு எழுதுறேன், எனக்கே நம்பிக்கை வரல. அவ்ளோ பெரிய அலைய எழுப்பிட்டு, அது சும்மா போயிட்டுன்னா எவன் நம்புவான்? நம்பாத கதை நடக்காது தங்கச்சி. அலை வந்தா அதுக்கு ஒரு ஆள் வேணும்.”

என் உயிர் ஊசலாடும்போது இந்த மனிதர் கதையின் நம்பகத்தன்மையைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பக்கம் அவர் சொல்வது சரிதான் என்றும் பட்டது. அந்த இரண்டாவது எண்ணம்தான் அதிகம் பயமுறுத்தியது.

“அப்ப வேற யாரையாவது ஏத்துங்க” என்றாள் ஸ்டெல்லா.

கடையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். தமிழ் தெரியாத தாஸ் தாதா இரண்டடி நகர்ந்தார். அண்ணன் மட்டும் நகரவில்லை. நகர முடியாதபடி மடியில் ஒரு மோட்டார் இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை குரூப்பில் மணி அடித்தது. ஞாயிறு அல்லாத நாளில் வந்த ஒரே அத்தியாயம் அதுதான். ‘கண்ணாடிக்காரன் கப்பல் கிளம்புமுன்பே இறங்கிவிட்டான். அவனுடைய மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு மேல்தளத்தில் நின்றவன் வேறொருவன். அவன் கையில் வார்னிஷ் வாசனை. அவன் என்றைக்குக் கடல் தாண்டினாலும் அந்த அலை அவனுக்காகக் காத்திருக்கும். முற்றும்.’

‘முற்றும்’ என்று அவர் எழுதி நாங்கள் பார்த்ததில்லை. ஸ்டெல்லா அதைப் படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதாள். நான் அழவில்லை. தப்பித்தோம் என்று எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

புதன் காலை, கப்பல் ஏறும் ஜெட்டி கேட்டில் அவர் ஓர் அரிசிப் பையோடு நின்றிருந்தார். என் ஃபைல்களை அதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் பையை வாங்கிக்கொண்டார். “கண்ணாடியையும் கழட்டிரு தம்பி. ஒரு இதுக்கு.” கழற்றினேன். அதனால் அந்தப் பயணத்தில் கடல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. குளம் மாதிரி கிடந்ததாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள். நான் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு கீழ்த்தளத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் திரும்பி வந்துவிட்டேன். அவர்தான் மாட்டிக்கொண்டார்.

சத்தாமில் ஃபெர்ரி ஏறினால் எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூ ஃப்ளாட் கால் மணி நேரம். அண்ணன் இப்போது சாலை வழியாக, தீவைச் சுற்றிக்கொண்டு, அரை நாள் பஸ்ஸில் போகிறார். தண்ணீர் பட்டால் ஆகாது என்று கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குக்கூட வருவதில்லை. மழைக்காலத்தில் சந்தில் தேங்கும் தண்ணீரைக் கடலில் சேர்த்தியா இல்லையா என்று என்னிடம் உண்மையாகவே கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகும் செங்கல் போட்டுத்தான் தாண்டினார். சிரிக்கத்தான் செய்தோம்.

ஆனால் அவருடைய ஒரே மகள் ரெஜினா மெயின்லாண்டில் இருக்கிறாள், தூத்துக்குடியில். போன வருடம் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் அதை வீடியோ காலில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். நெட்வொர்க் விட்டுவிட்டு வரும்போது குழந்தையின் முகம் திரையில் அப்படியே நின்றுவிடும். அவர் பேசிக்கொண்டே இருப்பார்.

“பிளேன்ல போங்கண்ணே” என்றேன் ஒருநாள்.

“அதுவும் கடலத் தாண்டித்தான போகுது? கப்பல்னு எழுதிருந்தா பிளேன்ல போயிருப்பேன். உங் கப்பலு கெளம்புற அவசரத்துல கடல்னு எழுதிட்டேன் தம்பி.”

“வேற மாதிரி மாத்தி எழுதுங்க.”

“முற்றும் போட்டாச்சே. முற்றும் போட்ட கதைய எழுதுனவனே தொறக்கக் கூடாது. வேற ஆளு தொறந்தா உண்டு.”

அப்படிச் சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல், கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார். அவர் தலைக்கு மேலே ஆணியில் என் மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது. எழுதச் சொல்லி அவர் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டார்.

நானும் வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். நான் எழுதி இதுவரை எதுவும் நடந்ததில்லை. ஷாதிபூருக்குத் தினமும் தண்ணீர் வரும் என்று ஒருமுறை எழுதினேன். அந்த வாரம் ஆறு நாள் வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கையில் வார்னிஷ் வாசனை அடிக்கும் அந்த மனிதர் மெயின்லாண்ட் கப்பலில் ஏறினார். இரண்டாம் நாள் மேல்தளத்துக்கு வந்தார். காத்திருந்த அலை எழும்பியது. அவ்வளவு பெரிய அலை சும்மா போகாது என்பது அவருக்குத் தெரியும். அது மேலே வந்தது, மஞ்சள் பையைப் பிடுங்கிக்கொண்டது, அவர் பாதத்தை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. அவர் சென்னையில் இறங்கினார். ரயில் ஏறித் தூத்துக்குடி போனார். குழந்தையின் முகம் அசைந்தது, குழந்தை சிரித்தது, அவர் கையில் மூத்திரம் போனது. முற்றும்.

இதை அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம் படித்துக் காட்டினேன். வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

“ஆளுக்குப் பதிலா பையா?” என்றார். “அலை ஒத்துக்கிடுமா தம்பி?”

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதக் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். மேல்தளத்தில் அந்தப் பையை இந்த முறை நான்தான் பிடித்துக்கொண்டு நிற்பேன்.